அடித்தல் திருத்தல்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். கோடு போட்ட தாள், நீல மை. கடைசியில் என் அக்கா வீட்டுக்காரரின் கையெழுத்து. அதற்குக் கீழே "சொல்லக் கேட்டு எழுதியவர்" என்று போட்டு என் கையெழுத்து, நான் வேலை பார்க்கும் அச்சகத்தின் முகவரி.

நான் இதுவரை நாலு புத்தகம் போட்டிருக்கிறேன். நாலையும் சேர்த்து வாசித்தவர்களைவிட அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கவனமாக வாசித்தவர்கள் அதிகம். இன்ஸ்பெக்டர் வாசித்தார். வக்கீல் வாசித்தார். நீதிமன்றத்தில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். எல்லோரும் நம்பினார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதில் ஒரு வாக்கியம் பொய். பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இலக்கணப்படி சுத்தமான வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இரண்டாம் முறை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்து ஐந்து மாதமாகிறது. இடுப்புதான் வலிக்கிறது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மதியம் ஒன்றே முக்காலுக்கு, தன் வீட்டுப் பின்கதவு திறந்திருப்பதை அவர் பார்த்தார்." (துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. யார் செய்தது என்பதில் இங்கே மர்மமே இல்லை.)

"தன் வீட்டைக் காக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்ற கேள்வி நாகரிகம் தோன்றிய நாளிலிருந்தே" (மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களின் வாக்கியம். வேண்டாம்.)

"என் அத்தான் ஒரு ஈயைக்கூட"

மூன்றாவதை அங்கேயே நிறுத்திவிட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2

அத்தானுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. விற்கிற வேலை இல்லை, கண்ணைச் சோதிக்கிற வேலை. கடையின் பின்பக்கம் ஆறடிக்கு எட்டடி இருட்டறை. ஒரு நாற்காலி, எதிரே வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை. வருகிறவர் மூக்கின் மேல் ஒரு கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் ஒவ்வொரு வில்லையாகச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா? முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்பார். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இதைக் கேட்டிருப்பார். வந்தவர் குழம்பினால் அலுத்துக்கொள்ள மாட்டார். "அவசரமில்ல, இன்னொரு தடவை பாருங்க" என்பார்.

வீட்டிலும் அதே கதைதான். "இவர் ஒரு சட்டை எடுக்கப் போனா கடைக்காரன் கண்ணுல தண்ணி வந்துடும்" என்பாள் அக்கா.

இந்த மனிதரைக் கதாபாத்திரமாக்குவதில் எனக்குச் சிக்கல். சாதுவாக எழுதினால் நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள். முன்கோபியாக எழுதினால் உடனே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம். ஆள் இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர், அது நிஜம். ஒருநாள் டிவி ரிமோட்டைச் சுவரில் எறிந்து சுக்குநூறாக்கினார், அதுவும் நிஜம். அன்றைக்கு என்ன கோபம் என்று அக்காவுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. உடைந்ததை அவரே பொறுக்கி, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டினார். ஒரு வருஷம் அதையே பயன்படுத்தினார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தச் சம்பவத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் அந்த வீட்டில் ஒரு தடவை திருடு போனது. வந்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அலமாரிகளைக் கவிழ்த்துப் போட்டு, கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்று, தோலைத் தலையணைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். போன பொருளைப் பற்றி அக்கா ஒரு வாரம் பேசினாள். அந்தத் தோலைப் பற்றி இரண்டு வருஷம் பேசினாள். தலையணை உறையை மூன்று தடவை துவைத்துவிட்டு, கடைசியில் தலையணையோடு தூக்கி எறிந்தாள். அதற்குப் பிறகு சின்னச் சத்தம் கேட்டாலும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

3

அந்த நாள்.

கடையில் கரண்ட் போய்விட்டது. விளக்கு இல்லாமல் கண்ணைச் சோதிக்க முடியாது. வழக்கமாகக் கடையிலேயே சாப்பிடுகிறவர், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போயிருந்தாள். மிச்சத்தை முதலில் எழுதியபடியே தருகிறேன்:

"மதியம் சுமார் 1.45 மணியளவில் நான் என் வீட்டின் பின்வாசல் வழியாக உள்ளே சென்றபோது, முகத்தைத் துணியால் மறைத்திருந்த, அடையாளம் தெரியாத ஒரு நபர் ஸ்குரூடிரைவருடன் என்னை நோக்கிப் பாய்ந்தார். உயிருக்குப் பயந்து, கையில் கிடைத்த இரும்புக் கம்பியால் தடுத்தேன். கைகலப்பில் அவருக்குத் தலையில் அடிபட்டது. உடனே ஆம்புலன்ஸுக்குத் தகவல் சொன்னேன்."

இதை எழுதியது போலீஸ் ஸ்டேஷனில், மாலை ஐந்து மணிக்கு. சுவரோரம் ஒரு பெஞ்ச். அத்தானின் சட்டைக் கைப்பட்டியில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் தாளை நீட்டி, "அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிக் குடுங்க" என்றார். அத்தானின் கை பேனாவைப் பிடிக்கிற நிலையில் இல்லை. அதனால் நான் எழுதினேன். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அடிப்பதும் திருத்துவதும்தான் என் பிழைப்பு. அவை இல்லாமல் எழுதச் சொன்னால் கொஞ்சம் சிரமம்தான்.

பக்கத்தில் ஒரு வக்கீலம்மா. வருஷா வருஷம் அத்தானிடம் கண் காட்டுகிறவர். தகவல் கேட்டதும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

"முதல்ல தோள்ல பட்டுச்சு" என்று அத்தான் ஆரம்பித்தார். "உக்காந்துட்டான். அப்புறம்..."

வக்கீலம்மா கையைத் தூக்கினார். "அப்புறம் வேணாம்."

"இல்லம்மா, அப்புறம் நான்..."

"சார், கேளுங்க. உங்க வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்தா, உங்களைக் காப்பாத்திக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு அடிக்கலாம். தேவையான அளவு. அந்த வார்த்தையிலதான் எல்லாம் இருக்கு. அபாயம் முடியற எடத்துல உரிமையும் முடிஞ்சிடும்." என் பக்கம் திரும்பினார். "அதனால அபாயத்தை வாக்கியத்தோட கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போங்க தம்பி."

நான் எழுத்தாளனாக இருந்த இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு இவ்வளவு துல்லியமான யோசனை சொன்னதில்லை.

"கம்பியை எடுத்தேன்" என்று எழுதியிருந்தேன். "எடுத்தேன் வேணாம், கையில் கிடைத்த" என்றார். "அடித்தேன்" என்ற இடத்தில் நானே தயங்கினேன். அடித்தேன் என்றால் ஒருவன் இருக்கிறான், அடித்தவன். அடிபட்டது என்றால் யாருமே இல்லை. கூரையிலிருந்து ஓடு விழுந்த மாதிரி. தமிழில் இந்த வசதி இருக்கிறது. கண்ணாடி உடைந்துவிட்டது, பால் கொட்டிவிட்டது, அடிபட்டது. வீட்டில் நாம் தினமும் இப்படித்தான் பேசுகிறோம்.

"கைகலப்பில் அவருக்குத் தலையில் அடிபட்டது."

இந்த வாக்கியம் என்னுடையது. வக்கீலம்மா சொல்லித்தரவில்லை. அவர் வாசித்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

4

மூன்று வாரத்தில் வழக்கை மூடினார்கள். தற்காப்பு. காயத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வந்தவர் யார் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. எட்டு மாதம் முன்னால் அக்கா வீட்டு மோட்டாரையும் அவர்தான் சரிசெய்திருக்கிறார். "அப்ப நோட்டம் பார்த்துட்டுப் போயிருக்கான், இன்னும் நல்லதாப் போச்சு" என்றார் வக்கீலம்மா. மோட்டார்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை விளங்காமல் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. பேச முடியாதவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று எப்படிக் கேட்பது? அவர்மேல் இருந்த திருட்டு வழக்கு அப்படியே கிடக்கிறது.

ஊர் அத்தானைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லாதவர்கள் கண் காட்ட வந்தார்கள். டீக்கடையில் ஒருவர், "ஒரு அடியோட விட்டுட்டீங்களே சார், நானா இருந்தா இன்னும் ரெண்டு போட்டிருப்பேன்" என்றார். அத்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். தெருக்காரர்கள் சங்கம் பாராட்டுக் கூட்டம் வைப்பதாகச் சொன்னது. கண் வலி என்று சொல்லித் தப்பித்தார். கண் பார்க்கிறவருக்கே கண் வலியா என்று அதற்கும் சிரித்தார்கள்.

(இங்கே நான் ஒரு நல்லவனைப் போல ஒதுங்கி நின்றுகொண்டிருக்கிறேன். அப்படி இல்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு கைதட்டல் இருந்தது. வாழைப்பழத் தோல் வைத்தவனுக்கும் சேர்த்து விழுந்த அடி என்று நினைத்தேன். அந்தத் தோலை வைத்தது இவர்தான் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. ஆதாரம் எனக்குத் தேவைப்படவும் இல்லை.)

ஆனால் அத்தான் இளைத்துக்கொண்டே போனார். பின்கதவுக்கு மூன்று புதுத் தாழ்ப்பாள் போட்டார். பிறகு பின்பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

5

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தார்.

பதினோரு மணி இருக்கும். நான் ஒரு பாடப்புத்தகத்தின் மூன்றாம் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரச் சத்தத்தில் அவர் கூப்பிட்டது முதலில் காதில் விழவில்லை. கையில் மடித்த ஜெராக்ஸ் தாள். பிரித்துக் காட்டினார். என் கையெழுத்து.

"இந்த விலாசத்துல இருக்கிறது நீங்கதானா?"

"ஆமா. நீங்க?"

"மோட்டார்காரர் வீட்டுக்காரி."

வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை என்றார். படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. அந்த ஜெராக்ஸையும் விரிப்பு மாதிரியே ஓரம் சேர்த்து, நீவி மடித்து வைத்திருந்தார்.

"நான் சண்டைக்கு வரல தம்பி. கேஸ் போடவும் வரல. அவரு செஞ்சது தப்பு. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் கேஸ் போடுவேன்? ஒண்ணு தெரியணும், அவ்வளவுதான்."

"கேளுங்க."

"இதுல ஒரு அடிதான் எழுதியிருக்கு. அவரு ஒடம்புல ரெண்டு அடி இருக்கு. தினம் குளிப்பாட்டறவ நான். காரை எலும்பு ஒடஞ்சிருக்கு, இங்க." தன் தோளைத் தொட்டுக் காட்டினார். "இன்னொண்ணு உச்சந்தலையில. அவரு நல்ல உசரம். உங்க அத்தானைக் கடை வாசல்ல நின்னு பார்த்தேன். எங்க வீட்டுக்காரரோட காது உசரம்தான் இருப்பாரு. நின்னுக்கிட்டிருந்த ஆளுக்கு உச்சந்தலையில எப்படித் தம்பி அடி விழும்?"

காவல்துறையும் நீதிமன்றமும் கேட்காத கேள்வி.

"உக்காந்தப்புறம்தான் விழுந்திருக்கணும்" என்று அவரே சொன்னார். "உக்காந்தவரு ஏதாவது பேசினாரா? திட்டினாரா? கையை ஓங்கினாரா? என்ன செஞ்சு ரெண்டாவதை வாங்கிக்கிட்டாரு? அதைத்தான் கேக்க வந்தேன்."

"அவர் எதுவும்... இப்ப எதுவுமே பேசறதில்லையா?"

"ஒரே ஒரு வார்த்தை வருது. 'சார்.' பசிச்சாலும் சார், வலிச்சாலும் சார். என்னைப் பார்த்தும் சார்ங்கறாரு. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பார்த்து." சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "கடைசியா என்ன பேசிக்கிட்டிருந்தாரோ அது நாக்குல ஒட்டிக்கிட்டிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நிச்சயமாத் தெரியாதாம்."

"ஏன் அவர் இப்படி... திருட..."

"தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது. வீட்டுல கஷ்டம் இருந்துச்சு, இல்லேங்கல. எல்லார் வீட்லயும் இருக்கிற கஷ்டம்தான். எனக்கும்தான் கேக்கணும் அவர்கிட்ட, ஏன்யா போனேன்னு. கேட்டா சார்ங்கறாரு."

(இந்த இடத்தில் மோட்டார்காரருக்கு ஒரு நோயாளி மகளை எழுதிப் பார்த்தேன். ஆபரேஷன், கெடு, கடைசி வழி. இரண்டு பக்கம் மளமளவென்று வந்தது. அடித்துவிட்டேன். அவர் மனைவிக்கே தெரியாத காரணத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது?)

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க" என்றார். "நல்லதா இருக்கணும்னு இல்ல. எதுவா இருந்தாலும் சரி."

6

அடுத்த நாள் மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அத்தான் என்னை இருட்டறைக்குள் கூட்டிப்போய் நோயாளி நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் எனக்குப் பின்னால், வில்லைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவர் முகம் எனக்குத் தெரியாது. எதிரே வெளிச்சப் பலகை மட்டும்.

அந்த அம்மா கேட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் வில்லைகளை எடுத்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பின்வாசல்ல ஒரு ஜோடி செருப்பு இருந்துச்சு" என்றார். "நேரா, ஒண்ணுக்கொண்ணு ஒட்டி. உங்க அக்காவைப் பார்க்க யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சேன். திருட வந்தவன் செருப்பைக் கழட்டிட்டா உள்ள போவான்? அப்புறம்தான் தாழ்ப்பாள் தொங்கறதைப் பார்த்தேன். கம்பி சுவத்துல சாய்ஞ்சு நின்னுச்சு. அதை வெச்சுதான் நெம்பியிருக்கான். எடுத்தேன்."

"கையில் கிடைத்தன்னு எழுதினோம்."

"எடுத்தேன்" என்றார் மறுபடி. "சமையல்கட்டைத் தாண்டறேன், படுக்கையறைலேர்ந்து வரான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினோம். அவன் கையில ஸ்குரூடிரைவர். என்மேல பாய்ஞ்சானா, தப்பிச்சு ஓடப் பார்த்தானான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. நான் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறேன். அவனுக்கு வேற வழி கிடையாது. அடிச்சேன். தோள்ல. அப்படியே உக்காந்துட்டான். ஸ்குரூடிரைவர் உருண்டு பிரிட்ஜுக்கு அடியில போச்சு. அது உருளற சத்தம்கூடக் கேட்டுச்சு."

வில்லை ஒன்று பெட்டியில் விழுகிற சத்தம்.

"அதோட முடிஞ்சிருக்கணும். அபாயம் அங்கயே முடிஞ்சு போச்சு. வக்கீலம்மா சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"இடது கையால துணியை மூஞ்சிலேர்ந்து கீழ எறக்கினான். 'சார், நான்தான் சார். மோட்டார் சார்'னான்."

என் எதிரே பெரிய எழுத்து, அதற்குக் கீழே சின்ன எழுத்து, அதற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்து. கடைசி வரி எனக்குத் தெரியவில்லை.

"தெரியாத ஆளா இருந்திருந்தா விட்டிருப்பேன்" என்றார் அத்தான். "அதுவரைக்கும் பயம்தான். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் பயம் பட்டுனு போயிடுச்சு. உங்க அக்கா அவனுக்குக் காபி போட்டுக் குடுத்தா. எங்க டம்ளர்ல. வேலை முடிஞ்சதும் கையைக் கழுவிட்டு, 'எப்பக் கூப்பிட்டாலும் வரேன் சார்'னு சொல்லிட்டுப் போனான். அதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. பயம் போன எடத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்துச்சு. நீயாடாங்கற மாதிரி. தெரிஞ்சவன்னு சொன்னா விட்டுடுவேன்னு அவன் நினைச்சான். தெரிஞ்சவன்னாலதான் அடிச்சேன்."

"ரெண்டு அடிக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஒரு வில்லையை எடுத்துட்டு இன்னொண்ணைப் போடற நேரம்."

வெளியே கடைப் பெண் யாரோ ஒருவருக்குச் சட்டகம் காட்டிக்கொண்டிருந்தாள். "இது உங்க மூஞ்சிக்கு எடுப்பா இருக்கு" என்று கேட்டது.

"முதல் அடிக்கு நான் யார்கிட்ட வேணாலும் பதில் சொல்வேன்" என்றார். "கடவுள்கிட்டகூட. ரெண்டாவதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஊரெல்லாம் கைகுலுக்கறது ரெண்டாவதுக்குத்தான். அதான் தாங்கல."

7

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. அந்த வாரமே என் வீட்டுக்கு வந்து நின்றாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் ஆஸ்பத்திரி வாசனை.

"என்ன எழுதிக்கிட்டிருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா."

"பொய் சொல்லாதே. அவர் சொல்லிட்டார். அந்தப் பொம்பளைகிட்ட எல்லாத்தையும் சொல்லணுமாம். கதையா வேற எழுதப் போறியாம். உனக்கு மூளை இருக்கா? மூடின கேஸைத் தொறந்தா அவர் உள்ள போவார். சொல்லக் கேட்டு எழுதியவர்னு கையெழுத்துப் போட்ட நீயும் போவே. நான் ரெண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்துக்கிட்டு அலையணுமா?"

"அவருக்குத் தூக்கம் இல்லக்கா."

"எனக்கு மட்டும் இருக்கா? தரையை யார் துடைச்சா? நான்தானே துடைச்சேன்? நாள் முழுக்க ரத்தத்துல கையை வெச்சுக்கிட்டிருக்கறவ, எனக்கே மூணு வாளி மாத்த வேண்டியிருந்துச்சு." மூச்சு வாங்கினாள். "இதைக் கேளு. அன்னிக்கு அவருக்குப் பதிலா நான் வந்திருந்தா? தனியா? அவன் கையில ஸ்குரூடிரைவரோட? அப்ப நீ என்ன கதை எழுதியிருப்பே?"

மேசைமேல் கிடந்த தாள்களைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"உள்ள வந்தவன் நல்லவனா கெட்டவனா, எத்தனை அடியில திருந்துவான், இதெல்லாம் அந்த நேரத்துல ஒருத்தர் அளந்து பார்க்க முடியுமா? மருந்தா அது, சொட்டு சொட்டா ஊத்தறதுக்கு? கதவை ஒடைச்சது அவன். ஆரம்பிச்சது அவன்."

"முதல் அடி வரைக்கும் சரிக்கா."

"அடியை எண்றதுக்கு நீ யாரு? அங்க நின்னியா?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. இந்தக் கதையிலேயே வலுவான வாதம் அவளுடையதுதான். அவளை வாயாடியாகவோ கல்நெஞ்சுக்காரியாகவோ எழுதி, உங்களை என் பக்கம் இழுத்திருக்கலாம். அவள் என்னைத் தூக்கி வளர்த்தவள்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அந்தாளு டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போனான்டா."

8

இதற்கு மேல் முடிவு. மூன்று எழுதினேன்.

(அ) அத்தான் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்கிறார். இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "முடிஞ்சு போன கேஸ் சார், வீட்டுக்குப் போங்க" என்கிறார். (இதில் ஒரு கசப்பான சிரிப்பு இருக்கிறது. வாசகர்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே விட்டுவிட்டேன்.)

(ஆ) அந்த அம்மா மன்னிக்கிறார். அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, நீங்களும்தான் என்ன செய்வீங்க" (எழுதும்போதே கை கூசியது. அடுத்தவர் வீட்டுச் சொத்தைத் தானம் செய்கிற மாதிரி.)

(இ) நான் சலவைக் கூடத்துக்குப் போய், "ஒரு அடிதாம்மா. விழும்போது சுவத்துல தலை மோதியிருக்கும்" என்று சொல்லிவிட்டு வருகிறேன். அவர் தலையாட்டுகிறார். நம்பவில்லை. எல்லோரும் மிச்ச நாட்களைக் கழிக்கிறோம்.

உண்மையில் இந்த மூன்றாவதைத்தான் செய்வதாக இருந்தேன். சலித்துவிட்டது, எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. சலவைக் கூடத்துக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அத்தான் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறேன். நீ வழி விசாரிச்சுக் கூட்டிட்டுப் போ, போதும்."

"அக்கா?"

"சொல்லிட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. போகாதேன்னு சொல்லலை."

ஞாயிறு காலை பஸ்ஸில் போனோம். ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பழமா, ரொட்டியா? எதை வாங்கினாலும் தப்பாக இருக்கும் என்று அவருக்கே தோன்றியது. கடைசியில் வெறுங்கையோடு இறங்கினார். எந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஒற்றை அறை வீடு. வாசலோரம் பழைய மோட்டார் உடல்கள் துருப்பிடித்து அடுக்கிக் கிடந்தன. கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஜன்னல் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பதன் நிழல் தரையில் தெரிந்தது. திறந்திருந்த அந்தக் கதவின்மேல் அத்தான் விரலால் இரண்டு தடவை தட்டினார்.

அந்த அம்மா வந்து பார்த்தார். யாரென்று தெரிந்தது. கதவை இன்னும் கொஞ்சம் தள்ளி வழிவிட்டார்.

அத்தான் உள்ளே போனார். நான் மோட்டார்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "சார்." அது பயமா, வரவேற்பா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு சொல் வைத்திருக்கிறவர் அதில் என்னென்னவோ வைத்திருப்பார். பிறகு அத்தானின் குரல், தாழ்வாக. தொடர்ந்து பேசினார். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

வெயில் ஏறிவிட்டது. அந்த அம்மா வாசலுக்கு வந்தார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஏன் தம்பி வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க."

போனேன்.

அதற்குமேல் எழுத மாட்டேன். தெரியாமல் இல்லை, நான் உள்ளேதான் இருந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன். இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால் அத்தானும் அந்த அம்மாவும் இதுவரைக்கும் சம்மதித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. என்னோடு பேசுவதில்லை. என்ன ஆகுமோ ஆகட்டும். ஆனால் அந்த அறைக்குள் நடந்தது அந்த அறைக்காரர்களுடையது. அங்கிருந்து எதையும் எடுத்துக்கொண்டு வெளியே வர எனக்கு உரிமை இல்லை.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என்னைச் சேர்க்காமல் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒரு ஜன்னல் இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கும். இருந்தாலும் தட்டிவிட்டுப் போங்கள்.